தைராய்டு எகிறியிருக்கிறது, ஆனால் அடையாளமே இல்லையே? கிரேவ்ஸ் நோயின் மாறுவேடங்களும் ஸ்கேனும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் ஒரு நியூக்ளியர் மெடிசின் துறையில், அதாவது கதிரியக்க மருந்தைச் செலுத்திப் படம் எடுக்கும் துறையில், மருத்துவராக இருக்கிறேன். ஸ்கேன் அறைக்கு வெளியே ஒரு நீள பெஞ்ச் உண்டு. ஊசி போட்டுக்கொண்டு காத்திருப்பவர்களும் அவர்களைக் கூட்டிவந்தவர்களும் அங்கே உட்கார்ந்து கேட்கிற கேள்விகள்தான் இவை. சிலவற்றுக்கு ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம். சிலவற்றுக்கு முடியாது.

"எனக்குத் தைராய்டு அதிகம்னு ரிப்போர்ட்ல இருக்கு. அதானே ஹைப்பர்?"

பெரும்பாலும் இல்லை. நம் ஊரில் "தைராய்டு அதிகம்" என்று சொல்லி வருகிறவர்களில் நிறையப் பேருக்கு அதிகமாக இருப்பது டி.எஸ்.எச். அது தைராய்டு சுரப்பியின் ஹார்மோன் அல்ல. மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி, தைராய்டைப் பார்த்து "வேலை செய்" என்று போடும் உத்தரவு. உத்தரவு அதிகமாகிறது என்றால் வேலை நடக்கவில்லை என்று அர்த்தம். அதாவது சுரப்பு குறைவு.

உண்மையிலேயே ஹைப்பர், அதாவது சுரப்பு கூடியிருந்தால் ரிப்போர்ட் தலைகீழாக இருக்கும். டி.எஸ்.எச். 0.01 என்ற மாதிரி தரைமட்டத்தில் கிடக்கும். தைராய்டு சுரக்கும் ஹார்மோன்களான ஃப்ரீ டி4, டி3 இரண்டில் ஒன்றோ இரண்டுமோ எகிறியிருக்கும். இந்தப் பக்கம் அவர்களுக்குத்தான். டி.எஸ்.எச். அதிகம் என்பதற்காக மட்டும் யாரும் நியூக்ளியர் ஸ்கேனுக்கு வர வேண்டியதில்லை.

கிரேவ்ஸ் நோய் என்றால் என்ன?

வீட்டு மொட்டைமாடி டேங்க்கை நினைத்துக்கொள்ளுங்கள். டேங்க் நிரம்பியதும் வீட்டுக்காரர் கீழே வந்து மோட்டாரை நிறுத்துவார். பிட்யூட்டரி செய்வது அந்த வேலை. கிரேவ்ஸ் நோயில், கிருமியோடு சண்டை போட வேண்டிய நோய் எதிர்ப்பு மண்டலம் தவறிப்போய் ஓர் ஆன்டிபாடியை உண்டாக்குகிறது. அது தைராய்டின் மேல் டி.எஸ்.எச். உட்கார வேண்டிய இடத்தில் போய் உட்கார்ந்து, சுவிட்சை அழுத்தியபடியே இருக்கிறது. வீட்டுக்காரர் "போதும், போதும்" என்று டி.எஸ்.எச்.சைப் பூஜ்யத்துக்கு இறக்கிவிட்டார். மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கிறது, தண்ணீர் தெருவில் வழிகிறது.

டப்ளினில் ராபர்ட் கிரேவ்ஸ் இந்த நோயைப் பற்றி எழுதியது 1835இல். நம்ம எம்.எம்.சி., அதாவது சென்னை மருத்துவக் கல்லூரி, தொடங்கியதும் அதே வருடம்தான். 1840இல் ஜெர்மனியில் பாஸடோ என்பவரும் தனியாக எழுதினார். கழுத்து வீக்கம், பிதுங்கிய கண், படபடப்பு என்று அவர் சேர்த்துச் சொன்ன மூன்றைத்தான் இன்றைக்கும் மருத்துவ மாணவர்கள் மனப்பாடம் செய்கிறார்கள். சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது. மூன்றும் சேர்ந்து வராதபோது நோயே மனதுக்கு வருவதில்லை.

வழக்கமான அடையாளங்கள் எவை?

எடை குறைதல், நல்ல பசி, படபடப்பு, விரல் நடுக்கம், வியர்வை, வெக்கை தாங்காமை, அடிக்கடி மலம் கழித்தல், மாதவிடாய் தள்ளிப்போதல் அல்லது குறைதல், எரிச்சல், தூக்கமின்மை. இதில் ஒரு சென்னைப் பிரச்சினை உண்டு. கத்திரி வெயிலில் வியர்க்கிறது என்றால் யார் சந்தேகப்படுவார்கள்? எடை குறைந்தால் "சுகரா இருக்கும்" என்பார்கள். படபடப்பு என்றால் "டென்ஷன்". மூன்றுக்கும் காரணம் ஒன்றாக இருக்கலாம் என்று தோன்றுவதற்குள் ஆறு மாதம் ஓடிவிடும்.

"பாட்டிக்குப் படபடப்பே இல்லை, நாள் முழுக்கச் சும்மா உட்கார்ந்திருக்காங்க. அவங்களுக்கா ஹைப்பர்?"

ஆமாம், இருக்கலாம். வயதானவர்களிடம் இந்த நோய் குணத்தை மாற்றிக்கொண்டு வரும். துறுதுறுப்பு, பசி, நடுக்கம் எதுவும் இருக்காது. சாப்பாட்டில் ஆசை போகும், பேச்சு குறையும், உடம்பு வற்றும். 1931இல் ஃபிராங்க் லாஹே என்ற அமெரிக்க அறுவை மருத்துவர் இதைத் தனியாக எழுதினார். "அபதெடிக்" வகை என்று பெயர். நம் வார்த்தையில் சொன்னால் எதிலும் ஒட்டாத நிலை.

வீட்டில் "வயசாச்சு" என்று விட்டுவிடுவார்கள். அல்லது புற்றுநோயோ என்று பயந்து வயிற்று ஸ்கேன், எண்டோஸ்கோப்பி என்று சுற்றுவார்கள். கண்டுபிடிப்பது பல நேரம் இதய டாக்டர்தான். நாடி ஒழுங்கில்லாமல் துடிக்கும், இ.சி.ஜி.யில் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்று வரும், கால் வீங்கும். அறுபது வயதுக்கு மேல் புதிதாக இந்த ஒழுங்கற்ற துடிப்பு வந்தால், டி.எஸ்.எச். பார்க்காமல் விட்டால் அது தவறு என்றே சொல்வேன்.

"தம்பி நேத்து ராத்திரி ரிசப்ஷன்ல நல்லா சாப்பிட்டான். காலையில எழுந்தா கால் ரெண்டும் வரல. இதுக்கும் தைராய்டுக்கும் என்ன சம்பந்தம்?"

இந்தக் கேள்விக்குத்தான் இந்தப் பக்கத்தில் அதிக இடம் கொடுக்க விரும்புகிறேன்.

பெயர் தைரோடாக்சிக் பீரியாடிக் பராலிசிஸ். கிரேவ்ஸ் நோய் பெண்களிடம்தான் பல மடங்கு அதிகம். ஆனால் இந்தத் திடீர் முடக்கம் மட்டும் ஆண்களைத்தான் தேடிப் பிடிக்கும். குறிப்பாக 20 முதல் 40 வயதுக்குள் இருக்கும் ஆசிய ஆண்களை. முதல் நாள் இரவு பிரியாணி, இனிப்பு, குளிர்பானம் என்று மாவுச்சத்து அதிகம் உள்ள சாப்பாடு, அல்லது கடுமையாக உடற்பயிற்சி செய்துவிட்டு ஓய்வு. விடியற்காலை பாத்ரூம் போக எழுந்தால் தொடை தூக்கவில்லை. நினைவு தெளிவாக இருக்கும், பேச்சு குழறாது, தொட்டால் உணர்வு இருக்கும். பக்கவாதம் என்று வீடு அலறும். முன்னால் தைராய்டு பற்றி ஒரு அடையாளமும் தெரிந்திருக்காது.

நடப்பது இதுதான். ரத்தத்தில் உள்ள பொட்டாசியம் தசை செல்லுக்குள் ஓடிவிடுகிறது. உடம்பில் பொட்டாசியம் தீர்ந்துவிடவில்லை, இடம் மாறியிருக்கிறது. தைராய்டு ஹார்மோனும் சாப்பாட்டுக்குப் பின் சுரக்கும் இன்சுலினும் சேர்ந்து அதை உள்ளே தள்ளுகின்றன.

இங்கே நம் ஊர்ப் பழக்கம் ஒன்று ஆபத்தாகிறது. "டாக்டர், ஆள் துவண்டுட்டான், ஒரு குளுக்கோஸ் ஏத்துங்க." குளுக்கோஸ் ஏற்றினால் இன்சுலின் இன்னும் சுரக்கும், பொட்டாசியம் இன்னும் இறங்கும். முடக்கம் மோசமாகும், இதயத் துடிப்பும் தாறுமாறாகலாம். செய்ய வேண்டியது உடனே பொட்டாசியமும் இ.சி.ஜி.யும் பார்ப்பது. பொட்டாசியத்தையும் நிதானமாகத்தான் கொடுப்பார்கள், ஏனென்றால் உள்ளே போனது திரும்பி வரும்போது அளவு மிஞ்சிவிடும். பெரும்பாலும் சில மணி நேரத்தில், சிலருக்கு ஓரிரு நாளில், கால் திரும்பி வந்துவிடும். அதோடு வீட்டுக்கு அனுப்பிவிட்டால் அடுத்த கல்யாணத்தில் மறுபடியும் விழுவார். தைராய்டை அடக்கினால்தான் இது நிற்கும்.

"ஒரு கண்ணு மட்டும் பெரிசா தெரியுது. தைராய்டு டெஸ்ட் நார்மல்."

அப்படியும் வரும். பெரியவர்களுக்கு ஒரு கண் மட்டும் பிதுங்கினாலும், இரண்டும் பிதுங்கினாலும், முதல் காரணம் தைராய்டு கண் நோய்தான். சிலருக்குக் கண் முதலில் வரும், ரத்தத்தில் மாற்றம் பிறகு வரும். சிலருக்கு ரத்தத்தில் வராமலே போகலாம்.

இங்கே உதவுவது கழுத்து ஸ்கேன் அல்ல, கண்குழியின் சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ. கண்ணை அசைக்கும் தசைகளில் கீழ்த்தசையும் மூக்குப் பக்கத் தசையும்தான் முதலில் தடிக்கும். படத்தில் தசையின் நடுப்பகுதி பருத்தும், கண்ணோடு ஒட்டும் தசைநாண் மெலிந்தபடியே இருக்கும். தசைநாணும் சேர்ந்து வீங்கியிருந்தால் வேறு அழற்சியையும் யோசிக்க வேண்டும். கட்டி எதுவும் பின்னால் இல்லை என்பதையும் அதே படம் சொல்லிவிடும். நிறங்கள் வெளுத்துத் தெரிந்தாலோ பார்வை மங்கினாலோ அப்பாயின்ட்மென்ட்டுக்குக் காத்திருக்காதீர்கள், அன்றைக்கே கண் மருத்துவமனைக்குப் போங்கள். எழும்பூர் அரசு கண் மருத்துவமனை 1819 முதல் இருக்கிறது.

சிகரெட்டை நிறுத்தச் சொல்வது சம்பிரதாயத்துக்காக அல்ல. புகை இந்தக் கண் நோயை நேரடியாக மோசமாக்கும்.

"நெஞ்சு சி.டி.யில் கட்டி இருக்குன்னு சொல்லிட்டாங்க..."

மூச்சிரைப்புக்காக எடுத்த சி.டி.யில், நெஞ்செலும்புக்குப் பின்னால் ஒரு திரட்சி தெரிந்ததாம். அது தைமஸ், நோய் எதிர்ப்பு மண்டலத்தைச் சேர்ந்த ஒரு சுரப்பி. கிரேவ்ஸ் நோயில் தைமஸ் பருப்பது தெரிந்த விஷயம்தான். வடிவம் கெடாமல், பக்கத்து உறுப்பை நெருக்காமல் இருந்தால், தைராய்டுக்கு மருந்து கொடுத்துச் சில மாதம் கழித்துத் திரும்பப் படம் எடுத்தாலே சுருங்கியிருக்கும். அவசரப்பட்டு நெஞ்சைத் திறப்பதற்கு முன் டி.எஸ்.எச். பார்த்தார்களா என்று கேளுங்கள்.

வேறு என்ன மாறுவேடம் உண்டு?

மஞ்சள் காமாலை, நிற்காத வாந்தி, உடம்பெல்லாம் அரிப்பு, கட்டுக்குள் இருந்த சர்க்கரை திடீரென ஏறுவது, ஆண்களுக்கு மார்பு பெருப்பது, முழங்காலுக்குக் கீழே ஆரஞ்சுத் தோல் மாதிரி தடிப்பு, மனநலச் சிகிச்சைக்குப் போகும் அளவு கலக்கம். எல்லாமே எழுதப்பட்டவை, பல அரிது.

"பத்து வருஷமா குறை தைராய்டுக்கு மாத்திரை போடுறேன். இப்போ ஹைப்பர்ங்கிறாங்க. மாத்திரை அதிகமாயிடுச்சா?"

முதலில் அதைத்தான் பார்க்க வேண்டும். டோஸைக் குறைத்து ஆறு வாரம் கழித்துச் சோதிப்பார்கள். மாத்திரையை முழுக்க நிறுத்தியும் டி.எஸ்.எச். எழும்பவில்லை என்றால், ஆன்டிபாடியின் குணம் மாறியிருக்கலாம். தைராய்டைத் தடுக்கும் ஆன்டிபாடியும் தூண்டும் ஆன்டிபாடியும் ஒரே ஆளிடம் இருக்க முடியும். எது கை ஓங்குகிறதோ அதற்கேற்ப நோய் சாயும். ஸ்கேன் எடுத்தால் சந்தேகம் தீரும். மாத்திரை அதிகமானால் சுரப்பி தூங்கும், படத்தில் கழுத்து வெறுமையாக இருக்கும். கிரேவ்ஸாக மாறியிருந்தால் ஜொலிக்கும்.

முடி கொட்டுவதற்குப் போடும் மாத்திரைக்கும் தைராய்டு ரிப்போர்ட்டுக்கும் என்ன தொடர்பு?

பயோட்டின். இன்று மருந்துக்கடையில் சீட்டு இல்லாமலே கிடைக்கிறது. 5, 10 மில்லிகிராம் என்ற அளவில் போட்டுக்கொண்டு ரத்தம் கொடுத்தால், சில லேப் கருவிகளில் டி.எஸ்.எச். பொய்யாகக் குறைந்தும் டி4, டி3 பொய்யாக ஏறியும் வரும். ஆன்டிபாடி சோதனைகூடப் பொய் சொல்லலாம். ரிப்போர்ட்டைப் பார்த்தால் அச்சு அசலாகக் கிரேவ்ஸ். ஆள் குண்டுக்கல் மாதிரி உட்கார்ந்திருப்பார். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2017இல் இதைப் பற்றி எச்சரித்தது. இரண்டு மூன்று நாள் நிறுத்திவிட்டு மறுபடி ரத்தம் கொடுங்கள். மாத்திரை விஷயத்தை லேபில் யாரும் கேட்க மாட்டார்கள், நீங்களாகச் சொல்ல வேண்டும்.

நியூக்ளியர் ஸ்கேனில் என்ன செய்வார்கள்?

கை நரம்பில் டெக்னீசியம்-99எம் என்ற கதிரியக்க மருந்தை ஊசியில் போடுவோம். தைராய்டு இதை அயோடின் என்று நினைத்து இழுத்துக்கொள்ளும். இது அயோடின் அல்ல, அதனால் அயோடின் அலர்ஜி பற்றிக் கவலை வேண்டாம். 20 நிமிடம் பெஞ்ச். பிறகு ஒரு டம்ளர் தண்ணீர், உணவுக்குழாயில் ஒட்டிய, மருந்து கலந்த எச்சிலைக் கழுவுவதற்காக. இல்லையென்றால் அதுவும் படத்தில் ஒரு கட்டி மாதிரி தெரியும். தோளுக்கு அடியில் தலையணை வைத்து, கழுத்தை நிமிர்த்திப் படுக்க வைத்து, கேமராவை அருகில் கொண்டுவருவோம். பத்து நிமிடம் அசையாமல் இருந்தால் போதும்.

"தாலியைக் கழற்றணுமா?" என்று தினமும் ஒருவராவது தயங்கிக் கேட்பார். வேண்டாம்மா, கழுத்தை விட்டு விலக்கி வைத்தால் போதும்.

ஊசி போடுவதற்கு முன்னும் பின்னும் சிரிஞ்சைக் கேமரா முன் வைத்து எண்ணிக் குறித்துக்கொள்வோம். எவ்வளவு உள்ளே போனது, அதில் கழுத்து எவ்வளவு இழுத்தது என்ற கணக்கு இதிலிருந்துதான் வருகிறது. சாதாரணமாக 4 சதவீதத்துக்குள் இருக்கும், எல்லை மையத்துக்கு மையம் சற்று மாறும். கிரேவ்ஸில் 10, 20 என்று போகும்.

படத்தில் என்ன தெரியும்?

சாதாரண ஆளின் படத்தில் தைராய்டும் அதற்கு மேலே எச்சில் சுரப்பிகளும் ஏறத்தாழ ஒரே வெளிச்சத்தில் இருக்கும். கிரேவ்ஸில் இரண்டு மடலும் சீராகக் கொழுந்துவிட்டு எரியும், எச்சில் சுரப்பிகள் இருக்கிற இடம் தெரியாது. நடுவிலிருந்து மேலே நீளும் பிரமிடு மடலும் பல நேரம் தெரியும். தைராய்டிட்டிஸ் என்ற அழற்சியில் நேர் எதிர். எச்சில் சுரப்பிகள் மட்டும் பளிச்சென்று இருக்க, தைராய்டு இருந்த இடம் காலி.

ஒரு படம் மட்டும் எனக்கு மறக்காது. வலது மடல் பிரகாசம், இடது பக்கம் ஒன்றுமே இல்லை. பார்த்ததும் யாருக்கும் "டாக்சிக் அடினோமா" என்று எழுதத்தான் கை போகும். தானாகச் சுரக்கும் ஒற்றைக் கட்டி மற்ற மடலை அமுக்கி வைத்துவிடும் என்பது பாடம். ஆனால் ஒளிர்ந்த பக்கம் உருண்டையாக இல்லை, மடலின் முழு நீளத்துக்கும் சீராக இருந்தது. அல்ட்ராசவுண்ட் வைத்துப் பார்த்தோம். அமுங்கிக் கிடக்கும் மடல் என்றால் அல்ட்ராசவுண்டில் அது அங்கேயே இருக்கும். இவருக்கு இடது மடலே இல்லை. பிறவியிலேயே உருவாகவில்லை. ஹெமிஏஜெனிசிஸ் என்பார்கள், இடது பக்கம் இல்லாமல் போவதுதான் அதிகம். ஆன்டிபாடி பாசிட்டிவ். ஒற்றை மடலில் வந்த கிரேவ்ஸ். வித்தியாசம் பெயரில் மட்டும் இல்லை. கிரேவ்ஸ் 12 முதல் 18 மாத மாத்திரையில் அடங்க வாய்ப்புண்டு, தானாகச் சுரக்கும் கட்டி மாத்திரையை நிறுத்தியதும் திரும்பிவிடும்.

கிரேவ்ஸ் சுரப்பிக்குள்ளேயே தானாகச் சுரக்கும் கட்டியும் சேர்ந்திருப்பது மரீன்-லென்ஹார்ட் சின்ட்ரோம். 1911இல் எழுதியவர்களின் பெயர்கள். ஒளிரும் சுரப்பியில் ஓரிடம் மட்டும் இருட்டாக இருந்தால் அல்ட்ராசவுண்டும், தேவைப்பட்டால் ஊசி வைத்துச் செல்களை எடுத்துப் பார்க்கும் எஃப்.என்.ஏ.சி. சோதனையும் கட்டாயம். கிரேவ்ஸ் இருப்பதால் புற்றுநோய் வராது என்று யாரும் எழுதித் தரவில்லை.

கழுத்து காலி என்றால் என்ன அர்த்தம்? ஹார்மோன் எகிறியிருக்கிறதே!

சுரப்பி வேலை செய்யவில்லை, உடைந்து கசிகிறது. சேமித்து வைத்திருந்த ஹார்மோன் கொட்டுகிறது. பிரசவத்துக்குப் பின் ஒரு வருடத்துக்குள், வைரஸ் காய்ச்சலுக்குப் பின், சில நேரம் காரணமே தெரியாமல் வரும். சில வாரங்களில் தானாகத் தீர்ந்து, இடையில் குறை தைராய்டாகவும் போகும். இதற்குக் கார்பிமசோல் கொடுத்துப் பயனில்லை, ஏனென்றால் அந்த மாத்திரை புதிய ஹார்மோன் உற்பத்தியைத்தான் தடுக்கும். இங்கே உற்பத்தியே இல்லை.

இதுதான் என் தீராத ஆதங்கம். டி.எஸ்.எச். குறைவு என்ற ஒரே தாளைப் பார்த்துக் கார்பிமசோல் ஆரம்பித்து, மூன்று மாதம் கழித்து டி.எஸ்.எச். 60 ஆன பிறகு இங்கே அனுப்புகிறார்கள். ரத்தம் "எகிறியிருக்கிறது" என்று மட்டும்தான் சொல்லும். ஏன் என்று கேட்டுவிட்டு மாத்திரையைத் தொடங்கலாம். படபடப்புக்கு அதுவரை புரொப்ரனலால் இருக்கிறது, ஆஸ்துமா இல்லாதவர்களுக்கு.

அரிதாக, கழுத்து காலியாக இருக்க, ஹார்மோன் சூல்பையில் உள்ள கட்டியிலிருந்து வரும். ஸ்ட்ரூமா ஓவரி என்று பெயர். முழு உடல் அயோடின் ஸ்கேனில் இடுப்பில் ஒளிரும்.

எல்லோருக்கும் இந்த ஸ்கேன் தேவையா?

இல்லை. கண் பிதுங்கி, கழுத்து சீராக வீங்கி, டிராப் (கிரேவ்ஸை உண்டாக்குவதாக மேலே சொன்ன அந்த ஆன்டிபாடி) பாசிட்டிவ் என்றால் முடிந்தது கதை. ஸ்கேன் எடுப்பவனே சொல்கிறேன், பணத்தை மிச்சப்படுத்துங்கள். ஆன்டிபாடி நெகட்டிவ், கட்டி தெரிகிறது, ஒரு பக்கம் மட்டும் வீக்கம், அழற்சியோ என்ற சந்தேகம், கதிர் அயோடின் சிகிச்சைக்கு (சுரப்பியை அடக்கக் கதிரியக்க அயோடினைக் குடிக்கக் கொடுப்பது) முன் என்றால் தேவை.

டாப்ளர் அல்ட்ராசவுண்ட் நல்ல மாற்று. கிரேவ்ஸில் ரத்த ஓட்டம் அவ்வளவு கூடி, திரை முழுக்க சிவப்பும் நீலமுமாகப் பொங்கும். "தைராய்டு இன்ஃபெர்னோ", அதாவது தைராய்டுத் தீ என்று பெயர். அழற்சியில் ஓட்டம் குறைவாக இருக்கும். பார்ப்பவரின் கைப்பழக்கத்தைப் பொறுத்தது என்பது மட்டும் குறை.

ஸ்கேனுக்கு முன் என்ன சொல்ல வேண்டும்?

கடந்த இரண்டு மாதத்தில் சாயம் ஏற்றி சி.டி. அல்லது ஆஞ்சியோ எடுத்தீர்களா என்பதை. அந்தச் சாயம் முழுக்க அயோடின். சுரப்பி வயிறு முட்டச் சாப்பிட்டிருந்தால் நாம் கொடுப்பதை இழுக்காது, கிரேவ்ஸ்கூட அழற்சி மாதிரி தெரியும். இதயத்துக்கு அமியோடரோன் போடுகிறவர்களுக்கும் இதே சிக்கல். 200 மில்லிகிராம் மாத்திரை ஒன்றில் 75 மில்லிகிராம் அயோடின் இருக்கிறது. ஒரு நாளைக்கு நமக்குத் தேவை 150 மைக்ரோகிராம், அதாவது 500 நாள் தேவை ஒரே மாத்திரையில். அதைத் தானாக நிறுத்திவிட்டு வராதீர்கள், இதய டாக்டரைக் கேளுங்கள்.

கர்ப்பமாக இருந்தால்? பால் கொடுக்கிறேனே?

கர்ப்பம் என்றால் இந்த ஸ்கேன் கிடையாது. ஆன்டிபாடியும் டாப்ளரும் போதும். நாள் தள்ளியிருந்தால்கூடச் சொல்லிவிடுங்கள். பால் கொடுப்பவர்கள் டெக்னீசியம் ஊசிக்குப் பின் பொதுவாக 12 முதல் 24 மணி நேரம் பாலைப் பீய்ச்சிக் கொட்டிவிட்டுப் பிறகு தொடரலாம். கதிர் அயோடின் சிகிச்சை வேறு கதை. அதற்கு முன்பே அந்தக் குழந்தைக்குத் தாய்ப்பாலை முற்றிலும் நிறுத்தியிருக்க வேண்டும்.

கதிர்வீச்சு ஆபத்தில்லையா?

சுமார் 2 மில்லிசீவர்ட். மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் ஒரு சராசரி மனிதன் ஒரு வருடத்தில் வாங்கும் அளவுக்குப் பக்கத்தில். கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரைக்காரர்கள் மணலிலிருந்தே இதைவிட அதிகம் வாங்குகிறார்கள். டெக்னீசியம் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகும், மறுநாள் பெயருக்குத்தான் மிச்சம். அன்றைக்குச் சாயங்காலம் வரை கைக்குழந்தையை மடியில் நெடுநேரம் வைத்துக்கொள்ள வேண்டாம், தண்ணீர் நிறையக் குடியுங்கள்.

கார்பிமசோல் ஆரம்பித்துவிட்டார்கள். எதைக் கவனிக்க?

காய்ச்சலும் தொண்டை வலியும் சேர்ந்து வந்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றைக்கே ரத்த வெள்ளணு பாருங்கள். அரிதான பக்கவிளைவு, ஆனால் உயிர் போகும். "சீசன் ஜுரம்" என்று பாராசிட்டமால் போட்டுக்கொண்டு இருக்காதீர்கள்.

அயோடின் உப்பை நிறுத்தணுமா?

சாதாரணச் சமையலுக்கு வேண்டாம். கதிர் அயோடின் கொடுக்கும் முன் சில நாள் குறைக்கச் சொல்வார்கள், அப்போது மட்டும்.

"கதிர் அயோடின் குடிச்சேன். அடுத்த மாசம் துபாய்ல இருக்கிற பொண்ணு வீட்டுக்குப் போகணும். ஏர்போர்ட்ல பிடிப்பாங்களா?"

அயோடின்-131 எட்டு நாளுக்கு ஒருமுறைதான் பாதியாகும். சில விமான நிலையங்களில் உள்ள கதிர்வீச்சுக் கருவிகள் மிக நுட்பமானவை, பல வாரம் கழித்தும் கத்தும். என்ன மருந்து, எவ்வளவு, என்றைக்குக் கொடுத்தது, எந்தத் துறை என்று எழுதிய கடிதத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அதைப் பெட்டிக்குள் போட்டு லக்கேஜில் ஏற்றிவிடாமல் கைப்பையில் வைத்திருங்கள்.